மருமகள் ஊட்டும் வெளிச்சம்

மதிப்பும் பாசமும் மிகுந்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இந்த வரியை எழுதும் நிமிடம் வரை நான் நலம். அடுத்த வரிக்கு உத்தரவாதம் கிடையாது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவது எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்கே தெரியும். காலமெல்லாம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவன். மாடி விளக்கு எரிகிறது என்பதற்காக லிஃப்ட் அங்கே நிற்கிறது என்று கால் வைத்தவனில்லை.

விஷயம் மருமகளைப் பற்றியது. ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டால், "சின்னச் சின்ன பிளாஸ்டிக் உருண்டை மாமா, கண்ணுக்கே தெரியாது" என்று சிரிப்பாள். போன வாரம் அவள் கொடுத்த சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போகிறேன், அடுப்படியில் போனில் பேசுகிறாள்: "ஒண்ணும் தெரியாம முழுங்கிடுச்சு. இன்னும் சாகல, நல்லாத்தான் இருக்கு. இருட்டுல பாத்தா உள்ள பளபளன்னு தெரியும்."

நேரே குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டு, விளக்கை அணைத்து, சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகன் கதவைத் தட்டி, "அப்பா, இருட்டுல என்ன பண்றீங்க?" என்றான். "என் வயிறு, நான் பாக்கறேன், உனக்கென்னடா?" என்றேன். அன்று முதல் அவன் அசந்த நேரம் பார்த்துத் தட்டை மாற்றிவிடுவேன். அவன் தட்டில் காரம் அதிகம். நெஞ்சு எரிய ஆரம்பித்ததும், உள்ளே விளக்குப் பற்றிக்கொண்டது என்றே முடிவு கட்டி, கையும் களவுமாகப் பிடிக்க அவள் ஆராய்ச்சிக்கூடத்துக்கே போய்விட்டேன்.

ஓர் அறை வாசலில் சிவப்பு விளக்கு. உள்ளே அவள் குரல். கதவைத் தள்ளிச் சுவிட்சைப் போட்டேன். "ஐயோ, லைட்டு!" என்று ஒரே அலறல். இருட்டில் காலையிலிருந்து அவள் விடாமல் எடுத்துவந்த படமெல்லாம் வீணாம். சத்தம் கேட்டு அவள் மேலதிகாரி அம்மா ஓடிவந்து, "யார் பண்ணது?" என்றார். "நான்தான் மேடம், கதவ சரியா மூடல" என்றாள் மருமகள். நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன் அக்கா.

பிறகு என்னைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள். கருப்பில் ஆரஞ்சுப் புள்ளிகள் மெல்ல நகர்ந்தன. ஸ்டெம் செல்லாம், எலும்பாகவோ தசையாகவோ மாறக்கூடியதாம். உடம்புக்குள் விட்டால் கூட்டத்தில் கலந்துவிடும், எது நாம் விட்டது என்று தெரியாது. அதனால் ஒளிரும் பிளாஸ்டிக்கை முன்பே முழுங்க வைத்து அனுப்புகிறார்களாம்; அன்று போனில் 'முழுங்கிடுச்சு' என்றது இந்தச் செல்லைத்தானாம். இப்போதைக்கு எலி உடம்பில் மட்டும்.

"பிளாஸ்டிக்க முழுங்கினா அதுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்றேன்.

"அந்தச் சந்தேகம்தான் மாமா என் வேலையே. வெளிச்சம் தெரியுதுங்கறதால செல் உயிரோட இருக்குன்னும் நம்ப முடியாது. அது செத்து, பக்கத்து செல் அந்த உருண்டைய முழுங்கியிருந்தாலும் இப்படித்தான் தெரியும்."

என்னை அறியாமல் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

ஆனாலும் பார், படத்தைக் கெடுத்தவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. அன்று மாலை மறுபடியும் சூப். இவ்வளவு நல்லவளாக ஒருத்தி சும்மா இருப்பாளா? ஏதோ திட்டம் இருக்கிறது. கடிதம் கண்டதும் அத்தானை அனுப்பி என்னை அழைத்துக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, நான் மிச்சமிருந்தால் மற்றவை நேரில்.

உன் அன்புத் தம்பி

பி.கு.: அத்தானை அனுப்பாதே. இன்று காலை மேலதிகாரி அம்மாவிடம் போய், சுவிட்சைப் போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். முறைத்தார். பிறகு, எதையும் எளிதில் நம்பாத ஒருவர் இனி எடுக்கும் படங்களில் புள்ளி எண்ண வேண்டும், வருவீர்களா என்றார். மருமகள்தான் சிபாரிசு. நாளை முதல் இருவரும் ஒன்றாகப் புறப்படுகிறோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணப்போகிற கண்ணாடிக்காரர் மேல்தான் இப்போது எனக்குச் சந்தேகம்.