திருமலைசாமி செய்த திருப்புத்தட்டு

கணபதி என்கிற ஊரில் தன் வீட்டுச் சந்து முழுக்கக் கேட்கும்படி திருமலைசாமி சத்தியம் பண்ணினார்.

"இந்தக் கை இருக்கற வரைக்கும் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வெக்க மாட்டேன். வெச்சா மீசையை எடுத்துப்போட்டு ஆடு மேய்க்கப் போறேன்."

சம்சாரம் கனகம் அப்படி என்ன கேட்டுவிட்டாள்? மாவாட்டி மாவாட்டி வலது தோள்பட்டை ராத்திரியெல்லாம் குடைகிறது, நீங்க மோட்டார் கம்பெனியில் செப்புக்கம்பிக் காயில் சுத்தறவராச்சே, நம்ம ஆட்டுக்கல்லுக்கும் ஒண்ணு மாட்டிப்போடலாமுங்களா என்று கேட்டாள். அவ்வளவுதான். மனுசனுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ.

"பகலெல்லாம் கம்பெனியில மோட்டாரோட மாரடிக்கிறேன். ஊட்டுக்கு வந்தாலும் மோட்டாரா? எங்கம்மா கையில ஆட்டலையா?"

சரி, பாடுபட்டு வந்த மனுசன், போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் வீட்டுக்கு வந்து அவர் என்ன செய்தார்? மோட்டார்தான் செய்தார். ஆட்டுக்கல்லுக்கு அல்ல, பொம்மை ரயிலுக்கு.

குன்னூரில் ஒரு எஸ்டேட் துரை சீமைக்குக் கிளம்பும்போது சாமான்களை ஏலம் விட்டார். அதில் கிடைத்த பழைய எஞ்சின் அது. முழ நீளம், கனத்த தகரமும் பித்தளையும், சாவி கொடுத்தால் ஓடும். துரையின் தாத்தா விளையாடியதாம். திருமலைசாமி சும்மா விடுவாரா? ஸ்பிரிங்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தானே காயில் சுற்றிய குட்டி மோட்டாரை அதன் வயிற்றில் வைத்தார். முகப்பில் டார்ச் பல்ப் மாட்டினார். பச்சைப் பெயிண்ட் அடித்துச் சிவப்புக் கோடு இழுத்தார். வாசலில் ஆரம்பித்து ஆசாரத்துக் கூடம் வழியாக அடுப்படி வரை தண்டவாளம் போட்டார். கனகம் ஆறு மாசமாகச் சொந்த வீட்டில் தாண்டித் தாண்டித்தான் நடக்கிறாள்.

சத்தியம் பண்ணிய மறுநாள் அவள் அழவில்லை, மூஞ்சியைத் தூக்கவில்லை. காப்பியை வைத்துவிட்டு ரயில் ஓடுவதைப் பார்த்தபடி நின்றாள். அப்பவே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஏனுங்க, போறப்ப மூஞ்சி முன்னால போகுது. வாரப்ப ஏனுங்க பின்னால பின்னால வருது?"

"அது ரிவர்ஸ் அம்மணி."

"நோம்பிக்கு வந்த ஒறம்பரைச் சனம் சொல்லாம நழுவறாப்பல இருக்குதுங்க. போத்தனூர்ல இப்படி இல்லீங்களாமா. எஞ்சினை ஒரு பெரிய தட்டு மேல நிறுத்தி, தட்டையே சுத்தித் திருப்பி உடுவாங்களாமா. சாராள் ஊட்டுக்காரர் சொன்னாரு."

சாராள் எதிர்வீட்டுக்காரி. அவள் புருசன் அமிர்தராஜ் போத்தனூர் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர்.

"அதெல்லாம் பெரிய எடத்து வேலைங்க," என்றாள் கனகம். "உங்களால ஆகுமுங்களா."

திருமலைசாமிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. யாரால ஆகாது? இவரால ஆகாதா? அன்று பொழுதோட வேலையை ஆரம்பித்துவிட்டார்.

தட்டை அடுப்படி மூலையில்தான் வைக்க வேண்டும் என்றாள் கனகம். அங்கேதான் தண்ணீர் போக வாட்டம் இருக்கிறதாம்.

"ரயிலுக்கு எதுக்குடி தண்ணி?"

"நெசமான எஞ்சினுக்குத் தண்ணி ஊத்துவாங்கல்லீங்க."

அடடே, இவளுக்கும் விசயம் பிடிபடுகிறதே என்று அவருக்கு உள்ளூரச் சந்தோசம். பலகையில் ஒரு வட்டத் தட்டு செய்து காட்டினார். கனகம் அதை ஒற்றை விரலால் தொட்டாள்.

"ஆடுதுங்களே."

கோபத்தில் பலகையைப் பிளந்து அடுப்பில் வைத்தார். லாரிச் சக்கரத்து பேரிங் கொண்டுவந்து, அதன் மேல் இரும்புத் தட்டு பூட்டினார். ஆடவில்லை.

"இது போதுமுங்க. கையிலயே தள்ளிக்கலாம். மோட்டாரெல்லாம் உங்களுக்குச் சிரமம்."

சிரமமாமே, சிரமம். பல்லைக் கடித்துக்கொண்டு அரைக் குதிரைச் சக்தி மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் எஞ்சின் பறந்து போய் ஊறுகாய் ஜாடியில் விழுந்தது. ஜாடி சுக்கு நூறு. வேறொரு பொம்பளையாக இருந்தால் பேய்க் கூத்து ஆடியிருப்பாள். கனகம் ஜாடிச் சில்லைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்:

"மெதுவாச் சுத்தோணுமுங்க. நின்னு நிதானமா. எஞ்சினு நழுவாம சுத்தியும் நாலு முளை வெச்சுப்போடுங்க. மேல சிக்னல் விளக்குத் தொங்க உட ஒரு கொக்கியும் வேணும். கனமாவே அடிங்க."

பல்சக்கரம் கடைந்து வேகத்தைக் குறைத்தார். முளை வைத்தார். உத்தரத்தில் கொக்கியும் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்த அமிர்தராஜும் சாராளும் பார்க்க வந்தார்கள். எஞ்சின் விளக்கைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனது, தட்டில் ஏறி நின்றது. தட்டு யானை திரும்புகிற மாதிரி திரும்பியது. மூஞ்சி முன்னால் வர, ரயில் வாசலுக்குத் திரும்பியது.

"அசல் போத்தனூர்தானுங்க," என்றார் அமிர்தராஜ்.

திருமலைசாமி மீசையை முறுக்கினார். ஆறு மாசத்தில் முதல் தடவையாக அவருக்கு யார் மேலும் கோபமில்லை. அது கனகத்துக்குப் பொறுக்குமா?

"நல்லா இருக்குதுங்க. பொம்மைக்கு இது போதும்."

"பொம்மைக்கா?"

"கோவிச்சுக்காதீங்க. போத்தனூர்ல நெசக் கனத்தைத் தாங்குது. இதுல கனம் வெச்சா நின்னுபோகுமுங்களே."

"என்ன கனம் வேணும் உனக்கு? சொல்லு. என்ன கனம் வேணும்?"

"அம்மிக்கல்லு..." என்று இழுத்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும். திருமலைசாமி கெட்டது அந்த நிமிசத்தில்தான்.

"அம்மி என்ன அம்மி. ஆட்டுக்கல்லையே வெக்கறேன். நின்னுபோச்சுன்னா மோட்டாரைக் கொண்டுபோய்க் கெணத்துல போடறேன். அமிர்தராஜ், அந்தப் பக்கம் புடியுங்க."

ரெண்டு பேரும் முக்கி முனகி ஆட்டுக்கல்லைத் தூக்கித் தட்டில் வைத்தார்கள். எஞ்சின் நழுவாமலிருக்க வைத்த நாலு முளையும் கல்லை அளவெடுத்த மாதிரி கவ்விக்கொண்டன. சுவிட்சைப் போட்டார். கல் நின்று நிதானமாகச் சுற்றியது.

"பாத்தியா?"

"பாத்தேனுங்க. சித்த நேரம்தான் சுத்துமுங்களா?"

"பொழுதானிக்கும் சுத்தும்."

கனகம் கதவு மறைவிலிருந்து காலையிலேயே ஊறவைத்த அரிசியை எடுத்து வந்தாள். சாராள் குழவியைக் கொண்டுவந்தாள். குழவியின் தலையில் ஏற்கெனவே கயிறு கட்டியிருந்தது. அதைச் சிக்னல் கொக்கியில் மாட்டிக் கல்லுக்குள் இறக்கினார்கள். அரிசி விழுந்தது, தண்ணீர் விழுந்தது, கல் கடகடவென்று அரைக்க ஆரம்பித்தது.

"கனகம். என்ன பண்றே?"

"கனம் வெச்சுப் பாக்கறனுங்க."

திருமலைசாமி கத்தினார். கல்லை எடு, எஞ்சின் திரும்பணும், எனக்குத் தட்டு வேணும் என்று குதித்தார். மாவோடு கல்லைத் தூக்கக் கூடாது என்றாள் சாராள். அமிர்தராஜ் அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்தவராய் நழுவிவிட்டார். கடைசி வரைக்கும் கல் நிற்கவில்லை. பாழாய்ப்போன மோட்டாரை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்.

அன்று ராத்திரி கனகம் தோளைப் பிடித்துக்கொண்டு முனகவில்லை, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். பக்கத்தில் படுத்திருந்தவருக்கு இனி எதைச் சொல்லிக் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்தக் கோபத்தில் தூக்கமே வரவில்லை. காலையில் இட்லியைத் தொட மாட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். மூணாவது ஈடு வேகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

கை கழுவியதும் மறுபடியும் கோபம் வந்தது.

"என்னோட சத்தியம் என்னாகறது? சந்துக்குள்ள மூஞ்சியைக் காட்டறதெப்படி?"

"உங்க சத்தியத்துக்கு என்னங்க கொறை? நீங்க ஆட்டுக்கல்லுக்கு மோட்டாரா வெச்சீங்க? மோட்டாருக்குத்தான ஆட்டுக்கல்லு வெச்சீங்க. சாராள் சாட்சி. மீசை இருக்கட்டுமுங்க."

திருமலைசாமி மீசையைத் தடவிக்கொண்டார். விறுவிறுவென்று போய் ரயிலுக்குச் சுவிட்சைப் போட்டார். எஞ்சின் அடுப்படி வரை மூஞ்சி முன்னால் போனது, ஆட்டுக்கல்லைப் பார்த்தது, நின்றது. திரும்ப இடமில்லை. ரிவர்ஸைத் தட்டிவிட்டார். கனகம் குனிந்து, எஞ்சினுக்குப் பின்னால் இருந்த கரிப் பெட்டியின் மேல் ஒரு கிண்ணம் மாவை வைத்தாள்.

"பின்னால பின்னாலதான வருது, வாசல்ல நிறுத்தி இதைச் சாராள்கிட்டக் குடுத்துப்போட்டு வாங்க."