ஒன்பது மணி இலவசக் கல்யாணம்

"ரெண்டாவது தட்டுல ஒரு கண்ணாடி டப்பா இருந்துச்சே, எங்க?" என்று அலுவலகச் சமையலறை ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டபடியே கேட்டார் வீபே.

மார்லூஸ் கடைசி ஸ்பூன் தயிரை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"பேர் எழுதாத டப்பாவா?"

"அதேதான்."

"தயிர்ல போட்டுச் சாப்பிட்டுட்டேன்."

அந்த நகராட்சி அலுவலகத்தில் அது திருட்டு இல்லை. ஃப்ரிட்ஜில் வைக்கும் பாதி ஆப்பிளில்கூடப் பெயர் இருக்க வேண்டும். சனி ஞாயிறைத் தாண்டிய பெயரில்லாத பண்டம் திங்கட்கிழமை காலையில் பொதுச்சொத்து. உணவைக் குப்பையில் கொட்டுவதைவிட அடுத்தவர் வயிற்றில் கொட்டுவது மேல் என்று ஊழியர்கள் பல முறை கூடிப் பேசி ஒருமனதாக முடிவெடுத்திருந்தார்கள். நெதர்லாந்தில் ஒருமனதாகாத முடிவு முடிவே அல்ல.

வீபே தலையை மெதுவாக வெளியே எடுத்தார்.

"எல்லாமேவா?"

"நறுக்கின வால்நட்தானே? கொஞ்சம் புளிச்சிருந்துச்சு. வீணாக்க மனசு வரல."

"வால்நட் இல்லம்மா அது. என்னோட ட்ரஃபிள். வருஷத்துக்கு ஒரு தடவை போடற முழு டோஸ். மத்தியானம் லீவு போட்டுட்டுப் பண்ணைவீட்டுக்குப் போறதா இருந்தேன்."

மார்லூஸ் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

ட்ரஃபிள் என்பது, தின்றவர் கண்ணுக்கு இல்லாததையெல்லாம் காட்டும் மாயக்காளான் மண்ணுக்கடியில் விடுகிற கட்டி. அந்த ஊரில் கடையிலேயே பில் போட்டுக் கொடுப்பார்கள். அதைச் சாப்பிடும் முறை பற்றித்தான் இருவருக்கும் ஆறு மாதமாகச் சண்டை. மார்லூஸ் மூன்று நாளுக்கு ஒருமுறை பட்டாணி அளவு எடுப்பாள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. மனசின் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டதுபோல் இருக்கும், அவ்வளவுதான். வீபே வருடத்துக்கு ஒருமுறை, ஒரு பண்ணைவீட்டில் கண்ணைக் கட்டிப் படுத்து, பக்கத்தில் ஒரு வழிகாட்டியை உட்காரவைத்து, சாயங்காலம்வரை உள்ளே மூழ்கிவிட்டு வருவார். அவருக்கு வாய்க்கால் பராமரிப்புப் பிரிவில் வேலை.

"தினம் கரண்டியால பாசியை அள்ளினா அடிச்சேறு போயிடுமா? வருஷத்துக்கு ஒருக்கா தூர்வாரணும்" என்பார்.

"தினம் அள்ளினா சேறே சேராது" என்பாள் இவள்.

இப்போது அவருடைய ஒரு வருடத் தூர்வாரல் இவள் வயிற்றில் இருந்தது.

"எவ்வளவு நேரத்துல ஏறும்?"

"முக்கால் மணி நேரம் ஆகும்."

"ஒன்பது மணிக்கு எனக்கு இலவசக் கல்யாணம் இருக்கு."

வீபே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கணக்கு மிகச் சரியாக வந்தது.

மார்லூஸ் திருமணப் பதிவு அதிகாரி. திங்கட்கிழமை காலையில் நகராட்சி கட்டணம் வாங்காமல் நடத்தும் கல்யாணம் அவள் பொறுப்பு. கூச்சக்காரி. அவள் முகத்தைக் காகிதத்திலிருந்து நிமிர்த்தாமலே கல்யாணத்தை முடித்துவிடுவாள். வண்டி நிறுத்த அனுமதி வாங்கியதுபோல் இருந்தது என்று போன மாதம் ஒரு ஜோடி புகார் சொன்னது. இன்னொரு புகார் வந்தால் பாஸ்போர்ட் கவுன்டர்தான் என்று பிரிவுத் தலைவி சொல்லிவிட்டாள். ஆனால் மார்லூஸுக்கு இந்த வேலை பிடிக்கும். இரண்டு பேர் சேர்ந்து பயப்படுவதை அவ்வளவு பக்கத்திலிருந்து வேறெங்கே பார்க்க முடியும்? பட்டாணி டோஸை அவள் ஆரம்பித்ததே கூச்சம் போகத்தான்.

"வேற யாரையாவது நிக்கச் சொல்லு" என்றார் வீபே.

"இருக்கற இன்னொருத்தரும் ஆஸ்திரியாவுல பனிச்சறுக்கு விளையாடிட்டு இருக்காரு."

"அப்ப இனிப்புச் சாப்பிடு. சர்க்கரை போதையை இறக்கும்னு சொல்வாங்க."

"யார் சொல்வாங்க?"

"எல்லாரும்."

"அறிவியல்படி..."

"அறிவியல் பார்க்கற நேரமா இது?"

ஒரு பாக்கெட் ஆரஞ்சுச் சாறில் சர்க்கரையைக் கொட்டிக் குடித்தாள். மேலே நான்கு பாகு பிஸ்கட். நெஞ்சு படபடத்தது.

"ஏறிடுச்சு."

"அது சர்க்கரை."

"எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் சிக்கல்."

சர்க்கரையை அடக்கக் கறுப்புக் காப்பி இரண்டு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். இப்போது இடது இமை தனியாகத் துடித்தது. டியூப் லைட் பாடுவதுபோல் கேட்டது. காப்பியை அடக்க அவளைக் கூட்ட அறை மேஜைமேல் மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணைத் தன் மஃப்ளரால் கட்டினார்.

"மூச்சை இழு. விடு. நான் இருக்கேன். நம்பு." அடித்தொண்டையில் ஒரு ராகமும் இழுத்தார். அவருடைய வழிகாட்டி அப்படித்தான் செய்வாராம்.

கதவு திறந்தது. கல்யாண மண்டபத்தைத் தேடி வந்த கூட்டம் வாசலில் நின்றது. முன்னால் மாப்பிள்ளையின் அப்பா. மேஜைமேல் கண்கட்டிக் கிடக்கிற பெண்ணையும் ராகம் இழுக்கிற ஆளையும் பார்த்தார்.

"கல்யாணம் பண்ணி வைக்கிறவங்க?"

மேஜையிலிருந்து ஒரு கை மேலே போனது. "நான்தான். வந்துடறேன்."

"சரி" என்று கதவை ஓசைப்படாமல் சாத்தினார் அவர்.

"நான் போய்க் கவுன்டரைத் திறக்கணும்" என்றார் வீபே. "ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோ. எது கண்ணுக்குத் தெரிஞ்சாலும் எதிர்க்காத, ஓடாத. வாங்கன்னு சொல்லி வழிவிடு. அது ஏதோ சொல்ல வந்திருக்கும், கேட்டுக்கோ."

மண்டபத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். கதவருகே எப்போதும் நிற்கும் மண்டப ஊழியர் ஹார்மை இன்று காணோம். மாப்பிள்ளை யோரிஸ் காலர் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தான். மணப்பெண் அன்னெலீன் ஒரு கொத்து டூலிப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

மார்லூஸ் காகிதத்தை விரித்தாள். சட்டப் பிரிவு எண் வரைக்கும் சரியாகத்தான் வாசித்தாள். அப்போது பக்கவாட்டுக் கதவு கொஞ்சம் அசைந்தது. வெள்ளைப் பெருவாத்து ஒன்று உள்ளே வந்தது.

அது நடு மண்டபத்தில் நின்று கழுத்தை நீட்டி அவளையே பார்த்தது.

யாரும் எழவில்லை. யாரும் கத்தவில்லை. எட்டு முகங்களும் மார்லூஸைத்தான் பார்த்தன. தனக்கு மட்டும்தான் தெரிகிறது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

எதிர்க்காத. வாங்கன்னு சொல்லு.

"வாங்க" என்று தலை தாழ்த்தினாள்.

உடனே மாப்பிள்ளையின் அப்பாவும் வாத்தைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும். முற்றிவிட்டது, இப்போது ஆட்களும் கலந்து தெரிகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள் மார்லூஸ். விநோதமாக, அதன்பின் பயம் போய்விட்டது. பயப்பட இனி என்ன மிச்சம்?

வாத்து மணப்பெண்ணிடம் போய் ஒரு டூலிப்பைப் பறித்துத் தின்றது. மணப்பெண் மார்லூஸைப் பார்த்தாள். மார்லூஸ் ஆதரவாகப் புன்னகைத்தாள். மணப்பெண் கொத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள்.

மார்லூஸ் காகிதத்தை மடித்து வைத்தாள்.

"எழுதிட்டு வந்ததை விட்டுடறேன். நீங்க ரெண்டு பேரும் பயந்துட்டு நிக்கிறீங்க. நானும்தான். இப்ப எனக்கு ஒண்ணு தெரியுது. உங்களுக்கும் தெரியுதான்னு கேக்கக்கூட வெக்கமா இருக்கு. கல்யாணமும் இப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். கூப்பிடாம ஒண்ணு உள்ள வந்துடும். சத்தம் போடும். கையில இருக்கற பூவைத் தின்னும். பக்கத்துல இருக்கறவருக்கும் அது தெரியுதா, நமக்கு மட்டும்தானான்னு சந்தேகமா இருக்கும். அப்ப வாயை மூடிட்டு இருந்துடாதீங்க. கேட்டுடுங்க."

அன்னெலீன் யோரிஸ் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுதா?"

"தெரியுது" என்றான் யோரிஸ். "அப்பவே தெரியுது. உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு நின்னுட்டு இருந்தேன்."

அன்னெலீன் அழுதாள். யோரிஸ் அழுதான். மாப்பிள்ளையின் அப்பா கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல் கழுத்து டையால் துடைத்துக்கொண்டார். வாத்து ஒரு முறை கத்தியது. மார்லூஸ் அதையும் வரவேற்றாள்.

வெளியே போகும்போது மாப்பிள்ளையின் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இலவசம்னு போட்டிருந்தாங்க. இந்த அளவுக்கு ஏற்பாடு பண்ணியிருப்பீங்கன்னு நாங்க நினைக்கவே இல்ல."

வாசலில் கருத்துச் சொல்லும் இயந்திரத்தில் எல்லாரும் சிரித்த முகத்தை அழுத்தினார்கள். அப்பா மட்டும் இரண்டு முறை. பாஸ்போர்ட் கவுன்டர் ஆபத்து தீர்ந்தது.

சமையலறையில் வீபே பதற்றத்தோடு காத்திருந்தார். நடந்ததைக் கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"வாத்தா?"

"ஆளுயரம் இல்ல, ஆனா பெருசு. அவ்வளவு தெளிவா. இறகு இறகாத் தெரிஞ்சுது. இறக்கையில ஒரு கட்டுகூட இருந்துச்சு."

"அதான் முழு டோஸ். பட்டாணில வருமா இது?"

மார்லூஸ் தலையை ஆட்டினாள். ஆறு மாதச் சண்டையில் முதல்முறையாகத் தோற்றாள், அதுவும் சந்தோஷமாக.

"வராது. நீங்க சொன்னதுதான் சரி. இனிமே நானும் வருஷத்துக்கு ஒரு தடவைதான். அந்தப் பண்ணைவீட்டுல எனக்கும் ஒரு நாள் கேட்டு வைங்க."

"என் டப்பா போனாலும் பரவாயில்ல" என்றார் வீபே பெருந்தன்மையாக. "ஒரு ஆத்மா தூர்வாரிக்கிச்சு."

மண்டப ஊழியர் ஹார்ம் மூச்சிரைக்க உள்ளே வந்தார். அக்குளில் ஒரு வெள்ளைப் பெருவாத்து. அதன் இறக்கையில் கட்டு போட்டிருந்தது.

"வீபே, பேரில்லாத டப்பாவை யாராவது காலி பண்ணிடுவாங்களேன்னு உங்களோடதை வெள்ளிக்கிழமையே கீழ் ஃப்ரிட்ஜுக்கு மாத்திட்டேன், அப்படியே பத்திரமா இருக்கு, ஆனா அந்த இடத்துல, அடிபட்டுக் கிடந்த இவளுக்காக நான் பேர் எழுத மறந்து ஊறப்போட்டு வெச்சிருந்த வால்நட்டை எந்தப் புண்ணியவானோ தின்னுட்டான், பாவம், பசி தாங்காம கல்யாண மண்டபம் வரைக்கும் தேடிட்டுப் போயிருக்கா."