கண்ணைக் கட்டி ப்ரீஆம்ப் வாங்கியவன்

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் இப்படி நான் முடிவு செய்வது பதினெட்டாவது தடவை. ஆனால் இது வேறு. இது ப்ரீஆம்ப் விஷயம்.

பழைய பொருள் கடையில் ஒரு ரெக்கார்டு பிளேயர் கிடைத்தது. வீட்டு ஸ்டீரியோவில் மாட்டினேன். இசைத்தட்டு ஜோராகச் சுற்றியது. பாட்டும் வந்தது, ஜலதோஷம் பிடித்த கொசு பாடுகிற மாதிரி. ஆடியோ கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன்.

"நடுவுல ஒரு ப்ரீஆம்ப் போடணும் சார்" என்றார்.

வீட்டில் சொன்னேன்.

"ப்ரீன்னா சும்மா குடுக்கிறதுதானே?" என்றாள் மனைவி.

"அந்த ப்ரீ இல்லம்மா. தட்டுல ஊசி உரசி எடுக்கிற சத்தம் ரொம்ப மெலிசு. அதை வாங்கி, பெருசாக்கி, ஆம்ப்ளிஃபயர்கிட்ட ஒப்படைக்கிற பெட்டி இது."

"ஓ! உங்கம்மா வாய்க்குள்ள முணுமுணுக்கிறதை நீங்க வந்து என்கிட்ட சத்தமா சொல்வீங்களே, அந்த உத்தியோகம்."

கடைக்காரர் அரை மணி நேரம் விளக்கியும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரியவில்லை.

அடுத்த வாரம் மறுபடி கடைக்குப் போனேன்; மூன்று நாள் கேட்டுப் பார்க்கச் சொல்லி இரண்டு பெட்டிகளைக் கொடுத்தனுப்பினார். ஒன்று சோப்பு டப்பா அளவு. விலையும் கைக்கு அடக்கம். மற்றது கன்னங்கரேலென்று கனமாக இருந்தது. முன்பக்கம் தேன் நிறத்தில் ஒரு விளக்கு. விலை சின்னதைப் போல ஆறு மடங்கு. என் மனசு எதில் போய் விழுந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"ரெண்டும் பாடுமா?" என்றாள்.

"பாடும். பெருசு உணர்ந்து பாடும்."

"சின்னது?"

"ஒப்புக்குப் பாடும்."

"நீங்க பாத்திரம் தேய்க்கிற மாதிரி. சரி, அதுவே போதுமே."

"சும்மா சொல்லிட்டா எப்படி? கேட்டுப் பார்த்து முடிவு பண்ணுவோம். நீயே சொல்லு, எது நல்லாருக்குன்னு. உன் தீர்ப்புதான் கடைசித் தீர்ப்பு."

நீதிபதி நாற்காலியில் அவளை உட்கார வைத்தேனே தவிர, தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். ஊர்க் கடைகளில் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது என் உத்தியோகம். அன்றைக்கு வீட்டுத் தராசில் நானே கையை வைத்தேன். துண்டால் அவள் கண்ணைக் கட்டி, சின்னப் பெட்டியில் ஒரு பாட்டைப் போட்டேன். ஒயரை மாற்றினேன். பெரிய பெட்டியில் அதே பாட்டு. ஆனால் ஆம்ப்ளிஃபயரில் வால்யூமை மட்டும் சத்தம் போடாமல் இரண்டு கோடு ஏற்றிவிட்டேன்.

"எது?"

"ரெண்டாவதுதான் நல்லாருக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்னப் பெட்டியைத் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியைத் தேடவே ஆரம்பித்துவிட்டேன்.

"இருங்க. அவசரம் என்ன? நீங்களும் ஒரு தடவை கேளுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க" என்று துண்டை என் கண்ணில் கட்டினாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் வேலை பார்ப்பது காது டாக்டரிடம். வருகிறவர்களைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, "கேக்குதா? இப்போ?" என்று சத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சோதிப்பதுதான் அவளுடைய தினப்படி வேலை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஞாபகம்தான் இல்லை.

முதல் பாட்டு முடிந்தது. டக், டக் என்று ஒயர் மாற்றும் சத்தம். அப்புறம் இரண்டாவது.

"ஆகா!" என்றேன். "முதல்ல பாடினவருக்குத் தொண்டையில கம்பளி. இவரைப் பாரு, பக்கத்துல உட்கார்ந்து பாடுறார்! மூச்சு விடுறதுகூடக் கேக்குது. இதுதான் பெருசு. என் காதை யாரு ஏமாத்த முடியும்?"

"துண்டை அவிழுங்க."

அவிழ்த்தேன். பெரிய பெட்டி சோபாவில் தலையணைக்குப் பக்கத்தில் ஹாயாகப் படுத்திருந்தது. விளக்கு எரியவில்லை. ஒயரே இல்லாமல் விளக்கு எப்படி எரியும்?

"ரெண்டு தடவையும் சின்னதுதாங்க பாடிச்சு. ரெண்டாவது தடவை வால்யூமை ரெண்டு கோடு ஏத்தினேன்."

"அது... அது அநியாயம் இல்லையா?"

"அப்படியா? யாரு ஆரம்பிச்சது?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

"கொஞ்சம் சத்தம் கூட வச்சா எல்லாருக்கும் அதுதான் நல்லாருக்கிற மாதிரி இருக்கும்ங்க. நாங்க வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தர்ற பாடம் இது" என்று துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். தோற்றவன் மாதிரிப் போகவில்லை. ஆராய்ந்து தெளிந்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"ரெண்டையும் நுணுக்கமா கேட்டுப் பார்த்தேன். என் காதுக்குச் சின்னதுதான் சரின்னு பட்டுது. பில் போடுங்க" என்றேன்.

கடைக்காரர் பில் புத்தகத்தைத் தொடவே இல்லை.

"அதுக்கு உங்க வீட்டம்மா போன வாரமே வந்து பணம் கட்டிட்டாங்க சார். ரெண்டையும் குடுத்தனுப்புங்க, அவரே தேர்ந்தெடுத்த மாதிரி இருக்கட்டும்னாங்க."