புளியம்பூ எஃப்.எம். விற்பனைக்கு இல்லை

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை மாதவராஜ் அவர்களுக்கு,

கடத்தூரிலிருந்து உங்கள் மச்சான் சந்திரமோகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், அறிவிப்பாளர் பானுமதியும், நம் ஒலிபரப்புக் கோபுரமும் சாயாமல் நிற்கிறோம். பெங்களூரில் நீங்களும், தங்கை கலைமணியும், உங்கள் செல்வமகளாகிய என் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். மருமகளுக்குப் பல் முளைத்த படம் பார்த்தேன். அப்படியே எங்கள் வீட்டுப் பல். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய இன்னொரு சங்கதிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கூரியரில் அனுப்பிய சங்கதி. நிலையத்தை விற்கும் பத்திரம் வந்து சேர்ந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தீர்கள். அத்தனையையும் ரப்பரால் அழித்துவிட்டேன். போட மாட்டேன் மாப்பிள்ளை. புளியம்பூ எஃப்.எம்.மில் பாதி உங்களுடையது, மறுக்கவில்லை. உங்கள் பாதியைத் தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள். கோபுரத்தில் மேல்பாதியா கீழ்ப்பாதியா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏணிக்கு ஏற்பாடு செய்வேன்.

வாங்க வருகிற கம்பெனி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? கம்ப்யூட்டரில் பாட்டை ஏற்றிவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு போய்விடும். பாலக்கோட்டில் இன்று தக்காளி என்ன விலைக்குப் போனது என்று அந்தக் கம்ப்யூட்டர் சொல்லுமா? டவுன் பஸ் வழியில் பஞ்சராகி நிற்கிறது, பொம்மிடியில் ரயில் பிடிக்கிறவர்கள் ஷேர் ஆட்டோவில் கிளம்புங்கள் என்று சொல்லுமா? நாம் தொடங்கியபோது, கையில் செல்போன் இருக்கையில் எவன் ரேடியோ கேட்பான் என்று ஊரே சிரித்தது. முதல் விளம்பரம் போர்வெல்காரர் கொடுத்தார். அது முடிவதற்குள், அவர் போட்ட போரில் தண்ணீர் வராத விவசாயி ஒருவர் போன் போட்டு நேரலையிலேயே அவரைத் திட்டித் தீர்த்தார். அதையும் ஒலிபரப்பினோம். மறுவாரம் போர்வெல்காரர், "திட்டுனாலும் பேரைச் சொல்லித்தானுங்க திட்டுனாரு" என்று இன்னொரு விளம்பரம் கொடுத்தார். பக்கத்து டிபன் கடைக் கிரைண்டர் ஓடினால் இன்றைக்கும் நம் ஒலிபரப்பில் மாவு அரைபடும் சத்தம் கேட்கிறது. ஒருநாள் கேட்காவிட்டால் நேயர்கள், "இன்னிக்கு அங்க டிபன் கடை லீவுங்களா?" என்று விசாரிக்கிறார்கள். எந்தக் கம்பெனிக்கு இந்தக் கொடுப்பினை இருக்கிறது?

வெங்கடாசலம் வீட்டுக் காதுகுத்தில் நிலையத்தின் பெயர் கெட்டுப்போயிற்று, அதனால்தான் விற்கச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். யாரோ அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததைக் கேளுங்கள். தக்காளி வியாபாரி வெங்கடாசலம் வந்து, "வூடு வூடாப் போயி வெத்தல பாக்கு வச்சு அழைக்கறதுக்குள்ள எம்பையனுக்கு மீச மொளைச்சிருங்க. ரேடியோவுலயே சொல்லிப்புடுங்க" என்றார். கல்யாணப் பத்திரிகைகளில் போடுவது மாதிரியே பானுமதியும், "இந்த அறிவிப்பையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுச் சுற்றமும் நட்பும் குடும்பத்தோடு வருக" என்று உருகி உருகிப் படித்தது. யாருடைய சுற்றம், யாருடைய நட்பு என்று நாங்கள் சொல்லவில்லை, அவரும் சொல்லச் சொல்லவில்லை. அதனால் கேட்டவர்கள் எல்லோரும் தங்களைத்தான் சொல்கிறது என்று நினைத்து வந்துவிட்டார்கள். பொம்மிடி பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நின்றவர்கள் டிக்கெட்டோடு வந்தார்கள். அன்றைக்குப் பார்த்துத் தொப்பூர் கணவாயில் வண்டிகள் நகராமல் நின்றதில், லாரிக்குள் நம் ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் பசியோடு ஆட்டோ பிடித்து வந்தார்கள். முதல் பந்தியிலேயே சாம்பார் ரசமாகி, இரண்டாம் பந்தியில் ரசம் வெந்நீராகி, சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டுக் காணாமல் போனார்.

அதுகூடப் பரவாயில்லை. மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் மாதுவைக் காணோம். மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் முறைத்துக்கொண்டு நிற்கிறார். போய் அழைத்தால், "என் வூட்டுப் படி ஏறி வெத்தல பாக்கு வெக்கல. ரேடியோவுல சொன்னா ஆச்சுங்களா? அந்த ரேடியோவையே மடியில உக்கார வச்சுக் காது குத்துங்க" என்கிறார். உள்ளே குழந்தை அலறுகிறது, ஆசாரி ஊசியைப் பிடித்துக்கொண்டே கொட்டாவி விடுகிறார். அப்போது ராஜப்பன் என்கிற லாரி டிரைவர் கையைக் கழுவிக்கொண்டு, "மடிதானுங்களே? ரசஞ்சோறு தின்ன கடனுக்கு நாந் தரேன்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மண்டபத்துக்கு வந்திருந்த பானுமதி சும்மா இருக்குமா? செல்போன் வழியாக அங்கிருந்தே நேரலையில், "அன்பு நேயர்களே, மாமன் மாது டீக்கடையில் இருப்பதால் லாரிக்கார அண்ணன் மடி கொடுக்கிறார்" என்று அறிவித்தது. டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது நம் நிலையம்தான். பாதி டீயோடு மாது ஓடி வந்து குழந்தையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். காது குத்தியாயிற்று. குழந்தை அழுததைவிட மாமன்தான் அதிகமாக அழுதார்.

இதில் நம் தப்பு என்ன மாப்பிள்ளை? இந்தக் காலத்தில் போய் வெற்றிலைக்கும் பாக்குக்கும் ரோஷப்படுகிற ஆளை என்னவென்று சொல்வது? எப்படி அழைத்தால் என்ன, அழைப்பு அழைப்புதானே? குழந்தை முகம் ஒன்று போதாதா மாமனுக்கு? மாது இப்போது நம்மேல் கேஸ் போடுவதாகச் சொல்லித் திரிகிறார். போடட்டும், வாய்தா தேதியையும் நம் வானொலியிலேயே சொல்கிறேன். இவருக்குப் பயந்தா நிலையத்தை விற்பேன்? கம்பெனி இல்லை, கம்பெனியின் பாட்டன் வந்தாலும் விற்க மாட்டேன். எனக்கு நெஞ்சு கொதிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நானும் நீங்களும் சேர்ந்து கம்பி இழுத்துக் கட்டிய கோபுரம் அது. அதை விற்கச் சொல்லும் பத்திரத்தை ஒரு கூரியர் பையன் வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான்.

தங்கைக்கு என் ஆசிகள். மருமகள் கேழ்வரகுக் கூழ் குடித்து, குறை ஏதும் இல்லாமல் வளரட்டும். பானுமதி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.

உங்கள் அன்பு மறவாத மச்சான்,
சந்திரமோகன்.

பின்குறிப்பு: தை மாதம் மருமகளுக்குக் காதுகுத்து என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் கிடைத்தது. ரோஜாப்பூ போட்ட படம். உங்கள் ஆபீஸ்காரர்கள் எல்லோருக்கும் போன அதே படம்தானே எனக்கும்? விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் தாய்மாமன் ஓடிவந்து மடியைக் கொடுத்துவிடுவானா? வர மாட்டேன். நீங்களும் தங்கையும் வெற்றிலை பாக்கோடு கடத்தூர் வந்து என் வீட்டுப் படி ஏற வேண்டும். லீவு கிடைக்கவே கிடைக்காது என்றால், போகிறது, நம் நிலையத்திலாவது ஒரு அறிவிப்புக் கொடுங்கள். வாசகம் நானே எழுதி வைத்திருக்கிறேன், பானுமதி காலையில் படிக்கட்டும். டீக்கடையில் நின்று கேட்டுவிட்டு அப்படியே பெங்களூர் பஸ் ஏறிவிடுகிறேன்.