மாட்டூசிக்கு வராத சம்மன்

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர் தாலுகாவில் மாட்டூசியின் மோட்டார் சைக்கிளில் ஏறாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. ஆசைப்பட்டு ஏறியவர்கள் கொஞ்சம் பேர். மீதி அத்தனை பேரும் ஏற்றப்பட்டவர்கள்.

மாட்டாஸ்பத்திரியில் அவர் கம்பவுண்டர். ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர் என்பதால் மாட்டூசி. நேரில் கூப்பிடுகிறவர்கள் பின்னால் ஒரு 'அண்ணா' சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் மரியாதை. அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது. எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும், "மாட்டூசி வந்துகீறேன், மாட்ட அவுத்துடாதீங்க" என்றுதான் குரல் கொடுப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். பக்கத்துப் போர்ஷனில் இரண்டு வருஷம் குடியிருந்த நானே அதைக் கேட்டதில்லை. அவருக்கு வரும் கடிதங்கள்கூட ஆஸ்பத்திரிக்கே போய்விடும்.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒரு ரேடியோ, ஒரு ஸ்டவ், மோட்டார் சைக்கிள், இவ்வளவுதான் குடும்பம். மாடுகளோடு பழகிப் பழகி மனிதர்களையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். எனக்கு ஒருமுறை ஜுரம் வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, என் மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, ரெண்டு நாள் கட்டிப்போட்டா சரியாப் பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊசி மருந்து கெட்டுப்போகாமல் இருக்க ஐஸ் போட்ட பிளாஸ்க் ஒன்று வைத்திருப்பார். கைக்குழந்தை அளவுக்கு இருக்கும். அதைக் கேரியரில் கட்டினால் நம் ஊர் ரோட்டில் மருந்து மோராகிவிடும் என்பது அவர் கட்சி. ஆகவே பின்னால் ஒருவர் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சிரிஞ்சு, பஞ்சு, கயிறு எல்லாம் இருக்கும் பையைப் பிடிக்க இன்னொருவர் அகப்பட்டால் இன்னும் விசேஷம். ரோட்டில் யார் நடந்துபோனாலும் வண்டியை நிறுத்தி, "ஏறு நைனா" என்பார். எங்கே போகிறாய் என்று கேட்கும் வழக்கமே இல்லை.

ஒருமுறை நான் பட்டு வேட்டி கட்டி, சென்ட் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்காகப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "பஸ்ஸு இன்னாத்துக்கு சார்? குந்து" என்றார். மானாம்பதி தாண்டியதும் வண்டி ரோட்டைவிட்டு மண் பாதையில் இறங்கியது. அங்கே ஒரு பசு கன்று போட முடியாமல் படுத்திருந்தது. "பத்தே நிமிசம் சார், இந்த வால மட்டும் புட்சிக்கோ" என்றார். அந்தப் பத்து நிமிஷம் முடிந்தபோது கன்று எழுந்து பால் குடித்துக்கொண்டிருந்தது. கல்யாணத்தில் கடைசிப் பந்தியும் முடிந்திருந்தது. என் வேட்டியைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். மாட்டுக்காரர் கொடுத்த கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

இப்படி மூன்று பேராகப் போனால் போலீஸ் விடுமா? பஸ் ஸ்டாண்டு முனையில் நிற்கும் ஏட்டு, மேலிடத்தில் கேஸ் கேட்கும் நாட்களில் கையைக் காட்டிவிடுவார். வேறு யாராக இருந்தாலும் கெஞ்சுவார்கள், இல்லாவிட்டால் சந்தில் புகுந்து ஓடுவார்கள். மாட்டூசி வண்டியை ஓரங்கட்டி, லைசென்ஸை எடுத்து நீட்டுவார்.

"தப்பு நம்முது ஏட்டய்யா. எழுதிக்கோங்க."

ஏட்டு எழுதிக்கொள்வார். எழுதி முடித்ததும் அதே மூன்று பேரோடு வண்டி கிளம்பும். ஏட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் வீட்டிலும் இரண்டு எருமை இருந்தது.

வில்லங்கம் அந்த லைசென்ஸில்தான் இருந்தது. மாட்டூசி அதற்கு முன்னால் பெருநகரில் குடியிருந்தவராம். உத்திரமேரூருக்கு மாற்றலாகி எங்கள் லைன் வீட்டுக்கு வந்த பிறகும் லைசென்ஸில் பெருநகர் விலாசமே இருந்திருக்கிறது. மாற்ற வேண்டுமானால் காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டும். மூன்று முறை கிளம்பியிருக்கிறார். இரண்டு முறை பாதி வழியில் மாடு குறுக்கிட்டது. மூன்றாம் முறை பழையசீவரம் வரை போய்விட்டு, அங்கே ஆற்று மணலில் கால் மடங்கிக் கிடந்த ஒரு வண்டி மாட்டோடு பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்பிவிட்டார். "வூடு மாறிட்டியே, புது விலாசத்த எழுதிக்கட்டுமா?" என்று ஏட்டு கேட்டதற்கு, "அட்டையில ஒண்ணு கீது, வாயில ஒண்ணு சொன்னா அது பொய்யாயிடும் ஏட்டய்யா. நான் பொய் சொல்றதில்ல" என்றாராம். இதெல்லாம் பின்னால் ஏட்டு சொல்லி எனக்குத் தெரிந்தது. பொய் சொல்வதில்லை என்பதை மட்டும் நானே அறிவேன். மாடு பிழைக்காது என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து அழுதுவிட்டு வருவார்.

இப்போது என் பவிசைச் சொல்கிறேன். கோர்ட்டில் சம்மன், வாரண்டு எழுதும் குமாஸ்தா நான். தினமும் காலையில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மாட்டூசியின் வண்டியில் வந்து கோர்ட் வாசலில் இறங்குவேன். மேஜையில் உட்கார்ந்ததும் பெருநகர் முனுசாமி மகன் ஏகாம்பரம் என்ற தலைமறைவு ஆசாமியின் கேஸ் கட்டைப் பிரிப்பேன். மோட்டார் சைக்கிளில் மூவராகச் சென்றதாக அவன் மேல் ஐந்து கேஸ். ஐந்துக்கும் சம்மன் அனுப்பினேன். ஐந்தும், 'மேற்படி நபர் மேற்படி விலாசத்தில் இல்லை, வீட்டைக் காலி செய்துவிட்டதாக அக்கம்பக்கத்தார் கூறுகின்றனர்' என்று திரும்பி வந்தன. காஞ்சிபுரம் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ஏகாம்பரத்தின் மேல்தான் விழும். எனக்குச் சந்தேகம் எப்படி வரும்? அந்த மூவரில் மூன்றாவது ஆள் பல தடவை நானேதான் என்பதும் உறைக்கவில்லை.

மாஜிஸ்திரேட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருய்யா இந்த ஏகாம்பரம்? கோர்ட்டுக்கே தண்ணி காட்டறான்! பிடிவாரண்டு போடு" என்றார். நானும் மீசை முறுக்கிய ஒரு தடியனை மனதில் நினைத்துக்கொண்டு அழுத்தி எழுதினேன்.

அன்று சாயங்காலம் வண்டியில் வரும்போது மாட்டூசி கேட்டார்.

"இன்னா சார், மூஞ்சி வாடிக்கீது?"

"ஒரு கேடிண்ணா. சம்மனுக்கு டிமிக்கி குடுத்துக்கிட்டே இருக்கான்."

பெயரைச் சொல்லவில்லை. கோர்ட் விஷயத்தை வெளியில் பேசக்கூடாது என்பதில் நான் அவ்வளவு கண்டிப்பு.

"அந்த மாரி ஆளுங்கள வுடக் கூடாது சார். தப்பு பண்ணா வந்து நிக்கணும்ல? புட்சி உள்ள போடுங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆமா, எனக்குக்கூட ஒரு சம்மன் வரணுமே. எப்ப சார் வரும்? வந்தா மறுநாளே வந்து அபராதத்தக் கட்டிடுவேன்" என்றார்.

"வரும்ணா. வேலை ஜாஸ்தி. தானா வீடு தேடி வரும்" என்றேன் பெரிய மனுஷ தோரணையில்.

இதையே அவர் முன்பும் இரண்டு தடவை கேட்டிருந்தார். மூன்று தடவையும் நான் சொன்ன பதில் இதுதான். உங்கள் பெயர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். இரண்டு வருஷமாகத் தினமும் பின்னால் உட்கார்ந்து போகிறவரிடம் அதை எப்படிக் கேட்பது?

வாரண்டு பெருநகர் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போயிற்று. பத்து நாள் கழித்து ஒருநாள் காலையில், மானாம்பதியில் ஒரு மாட்டுக்கு ஊசி போட என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டு மாட்டூசி திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் பஸ் ஒன்று டயர் வெடித்து நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய ஒரு கான்ஸ்டபிள் வெயிலில் நடந்துகொண்டிருந்தார். வண்டி தானாக நின்றது.

"ஏறு நைனா. இந்தப் பையப் புட்சிக்கோ."

கான்ஸ்டபிள் தொப்பியைப் பையின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் ஏறினார். வழியெல்லாம் ஒரே புலம்பல். "ஒரு அக்யூஸ்ட்டால பெரிய பேஜாராப் பூட்ச்சி சார். பத்து நாளா நாஷ்டாகூட நேரத்துக்கு இல்ல. ஆள் அகப்படலன்னு எழுதிக்கினு கோர்ட்டுக்குப் போய்க்கினு கீறேன்."

"பாவம்" என்றார் மாட்டூசி.

பஸ் ஸ்டாண்டு முனையில் ஏட்டு கையைக் காட்டினார். பின்னால் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கை பாதியில் தயங்கியது. ஆனால் எதிர் டீக்கடையில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்ததால் அதை இறக்க முடியவில்லை. நோட்டைத் திறந்தவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"கண்ணாடிய வூட்ல வச்சிட்டு வந்துட்டேன். நீயே படி, எழுதிக்கிறேன்."

மாட்டூசி லைசென்ஸை விரித்துப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் சத்தமாகப் படித்தார்.

"பேரு ஏகாம்பரம். தகப்பனார் பேரு முனுசாமி. ஊரு பெருநகர்..."

என் மடியிலிருந்து பிளாஸ்க் நழுவியது. பின்னால் பை விழுந்த சத்தம் கேட்டது. நானும் கான்ஸ்டபிளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சட்டைக்குள்ளிருந்து வாரண்டை எடுத்துப் பிரித்து, "யோவ், அது நீதானா?" என்றார், அழாக்குறையாக.

மாட்டூசி முதலில் பிளாஸ்க்கை எடுத்து மருந்து சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வந்துட்ச்சா சம்மன்!"

"சம்மன் இல்லண்ணா, பிடிவாரண்டு" என்றேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவர்மென்ட் உத்தியோகஸ்தரைப் பிடித்து உள்ளே வைத்தால் வேலையிலிருந்து சஸ்பெண்ட். மாடுகளைவிட்டால் அந்த மனுஷனுக்கு உலகத்தில் வேறு யாருமே கிடையாது. அவரை அதிலிருந்து பிடுங்கிப்போடும் காகிதத்தை எழுதியது என் கை.

அவராகவே வந்து ஆஜரானதாக இருக்கட்டும் என்று கான்ஸ்டபிளிடம் கெஞ்சினேன். தேடிய ஆளின் வண்டியிலேயே வந்து இறங்கியதை எழுத அவருக்கும் ஆசையில்லை. சரி என்றார். மூவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்தோம்.

டவாலி மூன்று முறை கூப்பிட, மாட்டூசி கூண்டில் ஏறிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாய்யா ஏகாம்பரம். இத்தனை நாள் எங்கே ஒளிஞ்சிருந்தே?" என்றார் மாஜிஸ்திரேட்.

"ஒளியலீங்கய்யா, இதே ஊர்லதான் கீறேன். வூடு மாறிட்டேன்."

"கேஸ் இருக்குன்னு தெரியுமில்லே? சம்மன் ஏன் வரலைன்னு கோர்ட்டுல யாரையாவது விசாரிச்சியா? விசாரிச்சிருந்தா சொல்லு. இல்லேன்னா வேணும்னே ஓடி ஒளிஞ்சேன்னுதான் அர்த்தம். உள்ளே அனுப்பிடுவேன்."

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. இதோ உட்கார்ந்திருக்கிறாரே, இந்தக் குமாஸ்தாவை மூன்று தடவை கேட்டேன் என்று சொன்னால் போதும். சத்தியமான உண்மை அது. மாட்டூசி என்னைப் பார்த்தார். நான் என் பேனாவைப் பார்த்தேன்.

"இல்லீங்கய்யா. யாரையும் கேக்கல" என்றார்.

வீட்டு விலாசத்தைக்கூட மாற்றிச் சொல்லாத மனிதர், வேலை போனாலும் போகட்டும் என்று எனக்காகக் கூண்டில் நின்று பொய் சொல்கிறார். மாஜிஸ்திரேட் எழுத ஆரம்பித்தார். என்னைக் கேட்காமலே என் கால்கள் எழுந்து நின்றன.

"ஐயா, கேட்டார். என்னைத்தான் கேட்டார். மூணு தடவை கேட்டார்."

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்தார். "எங்கே வச்சுக் கேட்டார்?"

"அவர் வண்டியில போகும்போது ஐயா. பக்கத்து வீடுதான். பேர் மட்டும் எனக்குத் தெரியாது."

"வண்டியில நீங்க ரெண்டு பேர் மட்டும்தானே?"

"ரெண்டு தடவை ரெண்டு பேர். ஒரு தடவை மூணு பேர் ஐயா."

கோர்ட்டே சிரித்தது. டவாலி வெளியே ஓடிப் போய்ச் சிரித்தார். மாஜிஸ்திரேட் மட்டும் கேஸ் கட்டை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அது கீழே இறங்க வெகுநேரமாயிற்று.

வாரண்டு ரத்தாயிற்று. ஐந்து கேசுக்கும் அபராதம், ஒரு வாரத்துக்குள் லைசென்ஸில் விலாசத்தை மாற்றிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. பக்கத்து வீட்டுக்காரரைப் பெருநகரில் தேடிய காரணத்தை விளக்கச் சொல்லி எனக்கு ஒரு மெமோ.

வெளியே வந்ததும் மாட்டூசி என்மேல் பாய்ந்தார். "உன்ன யாரு சார் எழுந்து நிக்கச் சொன்னது? பொறந்ததுலருந்து ஒரே ஒரு பொய் சொன்னேன். அதையும் நிக்க வுடலியே நீ!"

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரைக் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏற்றினேன். வழியில் மாடு எதுவும் கண்ணில் பட்டுவிடாமலிருக்க ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்துகொண்டேன். விலாசம் மாறியது. அப்புறமும் மூன்று பேராகத்தான் போனோம், சம்மன் ஒழுங்காக வீட்டுக்கு வந்தது.

என் சர்வீஸ் முழுவதிலும் நான் வாங்கிய மெமோ அது ஒன்றுதான். ரிட்டயரான பிறகு ஆபீஸ் காகிதங்களையெல்லாம் கிழித்துப் போட்டேன். அதைக் கிழிக்க மட்டும் கை வரவில்லை. மாட்டூசி மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.