அத்தானின் மலைப்பாம்பும் என் வெள்ளை ஒயரும்

என்றும் அன்பு மாறாத அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். அங்கே உன் முழங்கால், அத்தானின் முதுகு, மாடிப்படியில் குட்டி போட்ட பூனை எல்லாம் சௌக்கியம் என்று நம்பி மேலே எழுதுகிறேன். மூன்று பேரும் சௌக்கியம் என்று எழுதினேனே தவிர, ஒருத்தி தூங்குகிறாள், ஒருவர் தூங்குவதுபோல் பாவனை செய்கிறார், மிச்சமிருக்கும் நான் தூக்கம் வராமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன் இருக்க கடிதம் எதற்கு என்று கேட்பாய். உங்கள் வீட்டில் போன் பேசும் லட்சணம் உனக்கே தெரியும். மணி அடித்ததும் அத்தான் அதை அந்த ஆளுயர ஸ்பீக்கர்களோடு இணைத்துவிட்டு, "பேசும்மா, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கு" என்கிறார். எனக்குத் தலைமுடி கொட்டுகிறது என்று உன்னிடம் ரகசியமாகச் சொன்னேன். மறுநாளே உன் எதிர்வீட்டு அம்மா எண்ணெய் பாட்டில் கொடுத்தனுப்பினார். ஆகையால் கடிதம். படித்ததும் கிழித்துவிடு. முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருகிறீர்கள். திங்கட்கிழமை நான் திரும்ப வேலைக்குப் போகிறேன். ஒரு மாதம் நீ என்னோடு தங்கிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றதால்தான் நான் ஆபீசுக்கு "வருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். இன்று அத்தான் இவரைக் கூப்பிட்டு, "அக்காவ விட்டுட்டு உடனே கிளம்பிடுவேன் சகலை. அதுக்கு முன்னாடி அந்த ஸ்பீக்கர் கேபிள் எப்படிப் பழகிப் பழுத்திருக்குன்னு மட்டும் உக்காந்து கேக்கணும்" என்றாராம். அக்கா, அவர் பரிசாகக் கொடுத்த அந்தக் கேபிள் இப்போது எங்கள் பாட்டுச் செட்டில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அத்தான் அதைப் பார்த்துவிட்டு மனம் நொந்து, "வா, போலாம்" என்று உன்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டால் என் கதி என்ன? நான் மிகைப்படுத்தவில்லை. அத்தானின் ஸ்பீக்கரைப் பார்த்து "இது என்ன ஃபிரிட்ஜா?" என்று உன் சின்ன மாமனார் அறியாமல் கேட்டார். அந்தக் குடும்பத்தோடு இன்றுவரை உங்களுக்குப் பேச்சுவார்த்தை உண்டா, சொல்லு.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். பாப்பா பிறந்தபோது எல்லோரும் சட்டையும் கிலுகிலுப்பையும் கொடுத்தார்கள், அத்தான் மட்டும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் கொடுத்தார். தங்கமான செட், குறையே சொல்லமாட்டேன். அவற்றை இணைக்கும் கேபிள் தனிப் பெட்டியில் வந்தது. உள்ளே நீல வெல்வெட். நான் நெக்லஸ் என்று நினைத்துத் திறந்தேன், அந்த ஏமாற்றம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. பாப்பாவின் கைத் தடிமன், கறுப்பு வலைச் சட்டை, தங்க நிற முனை, கூடவே ஒரு சான்றிதழ். எனக்குப் பட்டம் கொடுத்த காகிதம்கூட அத்தனை கெட்டி இல்லை. கேபிள் மேல் ஒரு அம்புக்குறி இருக்கிறது, அந்தத் திசையில்தான் சத்தம் ஓட வேண்டும், மாற்றி மாட்டினால் பாடுகிறவர் முதுகைக் காட்டிக்கொண்டு பாடுவதுபோல் கேட்கும் என்று அத்தான் சொன்னார். முதல் இரண்டு வாரம் ராத்திரி பகலாக ஓடவிட்டுப் பழக்க வேண்டும் என்றும் சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் "சரி சகலை, சரி சகலை" என்று தலையாட்டினார். பிறந்த குழந்தையைத் தூங்கப் பழக்குவதா, கேபிளைப் பாடப் பழக்குவதா என்று நான் அழுதது அந்த இரண்டு வாரத்தில்தான். நீ அதைப் பிள்ளை பெற்ற அலுப்பு என்று நினைத்தாய்.

அந்தக் கேபிள் வளையாது, அக்கா. அதற்குத்தான் இவர் மலைப்பாம்பு என்று பேர் வைத்தார். ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருக்கும் குட்டை அலமாரியைச் சுவரோடு தள்ளினால் அது விறைத்துக்கொண்டு முன்னால் தள்ளியது. அலமாரி முன்னால் வந்ததால் வாசல் கதவு பாதிதான் திறந்தது. தண்ணீர் கேன் கொண்டு வருகிறவர் கேனை முதலில் உருட்டிவிட்டு, பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தான் வருவார். வீட்டுக்காரம்மா ஒருநாள் குழாய் ஒழுகுவதைப் பார்க்க வந்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றுகொண்டு, "ஏம்மா, என் வீட்டுக்குள்ள நானே ஒருக்களிச்சு வரணுமா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? "அத்தான் குடுத்த கேபிள், ஆன்ட்டி" என்றேன். "கேபிளா? டிவி கனெக்‌ஷன் அந்த ஜன்னல் பக்கம் இல்ல இருக்கு?" என்றார். விளக்க ஆரம்பித்தால் அவர் அப்படியே நிற்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, மேசை மூலைக்கெல்லாம் பஞ்சு வைத்து ஒட்டியிருப்பவள், பாப்பா ஒரு தும்மல் கூடுதலாகத் தும்மினால் தெர்மாமீட்டரைத் தேடுகிறவள். அப்படிப்பட்ட என் கண்ணெதிரில் பாப்பா எழுந்து நிற்கப் பழகியது அந்த மலைப்பாம்பைப் பிடித்துத்தான். முதல் இரண்டு பல் முளைத்ததும் அதைக் கடித்துத்தான். வலைச் சட்டையில் விஷம் இருக்குமோ என்று பயந்து குழந்தை டாக்டருக்குப் போன் செய்தேன். "ஸ்பீக்கர் கேபிள் டாக்டர், இவ்வளவு தடி" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "ஆம்ப் என்ன ஆம்ப் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பாப்பாவைப் பற்றிக் கேட்கவே இல்லை என்று நான் ஞாபகப்படுத்திய பிறகுதான், "அதுக்கு ஒண்ணும் ஆகாது, நல்லாத் தண்ணி குடுங்க" என்றார். பிறகு போன வாரம் நான் அடுப்படியில் இருக்கும்போது சர்ரென்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் பாப்பா கேபிளை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு பின்னால் சாய்கிறாள், ஆம்ப்ளிஃபயர் அலமாரி விளிம்பில் பாதி வெளியே தொங்குகிறது. எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது, இடுப்பால் அதைத் தாங்கிக்கொண்டு காலால் பாப்பாவை ஒதுக்கினேன். அவள் சிரிக்கிறாள். இவர் குளித்துக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு ஓடிவந்து, "ஆம்புக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். நான் பார்த்த பார்வையில், "இல்ல... பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையேன்னுதான் கேக்க வந்தேன், வாய் தவறிடுச்சு" என்று திரும்பிக் குளியலறைக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. இன்னும் கண்ணை மூடினால் எனக்கு அந்தப் பெட்டி தொங்குவதுதான் தெரிகிறது, அக்கா.

அன்றைக்கே கம்பளி நூலை எடுத்து, அலமாரியிலிருந்து சுவர் ஓரமாகவே இரண்டு ஸ்பீக்கருக்கும் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, பாப்பாவையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் மலைப்பாம்பின் சித்தப்பா பிள்ளைகளைத்தான் எடுத்துப் போட்டார். "இதுல பேஸ் சும்மா அள்ளும் மேடம்." நான், "அது அள்ளட்டும். இது மடங்குமா?" என்றேன். "மேடம், இது வெள்ளி கலந்தது." "சரி, சுவர் கலர்ல இருக்கா?" அவர் பொறுமை இழந்து, "நீங்க ஒயர் வாங்க வந்தீங்களா, வளையல் வாங்க வந்தீங்களா?" என்றார். "எதுவா இருந்தா என்ன, அளவும் கலரும் பொருந்தணும்ல?" என்றேன். பாப்பா அதற்குள் விலைப் பட்டியலைத் தின்ன ஆரம்பித்துவிட்டதால் அவர் வழிக்கு வந்தார். மூலையிலிருந்து ஒரு சுருள் எடுத்தார். தட்டையாக, நம் பழைய பள்ளிக்கூட ரிப்பன் மாதிரி, எங்கள் சுவரின் அதே மங்கல் வெள்ளை. முனை பக்கவாட்டில் திரும்பியிருந்தது, ஆகையால் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்காது. நூல் முடிச்சுக்குச் சரியாக வெட்டிக் கொடுத்தார். பெட்டி இல்லை, வெல்வெட் இல்லை. விலையைச் சொன்னால் அத்தானுக்கு அவமானம், எழுதமாட்டேன்.

மாட்டிய பிறகு அலமாரி சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. கதவு முழுசாகத் திறந்தது. பாப்பா அந்த ஒயரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, பிடிக்க ஒன்றும் அகப்படாமல் என் புடவையைப் பிடித்து நின்றாள். ஆனால் இவருக்கு மனசு ஆறவில்லை. "பழைய ஆழம் இல்லையோ?" என்று காதைச் சொறிந்தார். நான் புள்ளியியல் படித்தது எதற்கு? இவர் கண்ணைப் பாப்பாவின் துண்டால் கட்டி நாற்காலியில் உட்காரவைத்து, ஒரே பாட்டை மூன்று தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒயரைக் கழற்றி மாட்டுகிற சத்தம் மட்டும் செய்தேன். முதல் தடவை, "சுமார்" என்றார். இரண்டாம் தடவை, "ஆஹா! இதுதான் சகலையோடது, கேட்டியா, மேடையே கண்ணு முன்னாடி வருது" என்றார். மூன்றாம் தடவை, "இதுல உயிர் இல்ல" என்றார். மூன்று தடவையும் வெள்ளை ஒயர்தான். துண்டை அவிழ்த்துக் காட்டினேன். "அப்போ ரெண்டாவது தடவ பாப்பா பக்கத்துல உக்காந்திருந்தா, அதனால இருக்கும்" என்றார்.

எல்லாம் நிம்மதியாக இருக்கும்போதுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை. மலைப்பாம்பைத் திரும்ப மாட்டிவிடலாம் என்றார் இவர். ஒரு நாளைக்குத்தானே என்றார். அந்த ஒரு நாளில் நீ பெட்டியோடு வாசலில் ஒருக்களித்து நிற்பாய், பாப்பா ஓடிப்போய்ப் பழைய சிநேகிதத்தில் கட்டிப் பிடிப்பாள். முடியாது என்றேன். மாட்டாமல் சும்மா பார்வைக்கு முன்னால் போட்டு வைக்கலாம் என்றார். அதில் பாப்பாவின் பல் தடம் இரண்டும் பளிச்சென்று இருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லலாம் என்றார். "கேபிள்ல என்ன ரிப்பேர்னு கேட்டா?" என்றேன். "அப்போ உண்மையச் சொல்லிடு" என்றார். "நானா?" "உங்க அத்தான்தானே?" "உங்க சகலைதானே?" இப்படியே விளக்கணைத்துவிட்டோம். இவர் திரும்பிப் படுத்துக்கொண்டார், நான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா, நீதான் எப்படியாவது காப்பாற்ற வேண்டும். அத்தானை ஜன்னல் ஓர நாற்காலியில் உட்காரவை, அங்கிருந்து பார்த்தால் அலமாரியின் பின்பக்கம் தெரியாது. குனிந்து பார்க்கக் கிளம்பினால் முதுகை ஞாபகப்படுத்து. அதற்கும் மிஞ்சினால் வரும் வழியிலேயே பக்குவமாக நீயே சொல்லிவிடு. அவர் மனசைப் புண்படுத்த நான் நினைக்கவில்லை, அந்தச் செட்டை ஆசையாகத்தான் கேட்கிறோம் என்று சொல்லு. நீ தங்காமல் போய்விட்டால், பாப்பாவை யாரிடம் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போவேன்?

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். நீங்கள் இருவரும் முழங்கால் வலியும் முதுகுவலியும் இல்லாமல் நீண்ட நாள் ஒரே அலைவரிசையில் இருக்க வேண்டும். பாப்பா உனக்குக் கொடுத்தனுப்பிய முத்தம் இந்தத் தாளின் கீழ் மூலையில் ஈரமாக இருக்கிறது.

உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: காலையில் உறை ஒட்டப் போகும்போது இவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். நேற்று நான் சமைத்துக்கொண்டிருந்தபோதே மொட்டைமாடிக்குப் போய் அத்தானைத் திரும்பக் கூப்பிட்டு எல்லாவற்றையும் உளறிவிட்டாராம். எனக்குப் பயந்து சொல்லவில்லையாம், ராத்திரி சொன்ன யோசனையெல்லாம் நடிப்பாம். அத்தான் மெதுவாக, "வெள்ளையா? தட்டையாவா இருக்கு? சுவரோட ஒட்டிக்குமா?" என்று கேட்டாராம். "உங்க அக்கா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஸ்பீக்கர சுவரோட தள்ளுங்கன்னு உயிர எடுக்கிறா. அது முடியாது, சத்தம் செத்துப்போயிடும்னு சொல்லியே காலத்த ஓட்டிட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மாத்துறது? சகலை, அவ அங்க ஒரு மாசம் என்ன, ரெண்டு மாசம் இருக்கட்டும். அதுக்குள்ள நான் இங்க சத்தமில்லாம மாத்திடறேன். எனக்கும் ஒரு சுருள் வாங்கி வைங்க. அவகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க" என்றாராம். ஆகவே அக்கா, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு, ஜன்னல் ஓர நாற்காலியும் வேண்டாம். இரண்டு மாதத்துக்குத் துணி எடுத்துக்கொண்டு வா. திரும்பிப் போனதும் வீட்டில் ஸ்பீக்கர் சுவரோடு ஒட்டி நின்றால், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த விசேஷக் கேபிள் என்று அத்தான் சொல்வார். ஆச்சரியப்படு. ஆழம் கூடியிருக்கிறது என்று சொல். அவருக்கு ஒரே குறை, அதில் அம்புக்குறி இல்லையாம். என் கண்மைப் பென்சிலால் நானே வரைந்து அனுப்புகிறேன். பாப்பா கையைத் தட்டிவிட்டு ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் பார்த்தால், நீ கண்டுகொள்ளாதே.