தறிச் சத்தத்தில் ஒரு தம்பி

அன்புத் தங்கை ஏஞ்சலுக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து அக்கா ஞானசெல்வி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கு என் முழங்காலைத் தவிர யாவரும் சுகம். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுதுவிடுவாய் என்பதால் இக்கடிதம்.

நம் தம்பி ராஜேஷ்குமாரின் மனச்சிதைவு நோய் மாத்திரையால் ஓரளவு கட்டுக்குள் இருப்பது நீ அறிந்ததே. வேலைக்குப் போனால் தெம்பு வரும் என்று, சத்தமில்லாத இடமாகப் பார்த்து, மகாராஜன் அண்ணாச்சியின் மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்த்துவிட்டேன். ராத்திரி போட்ட மாத்திரை அசதி காலையில விடுமா, பாவம்? ஒரு கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கிட்டு உக்காந்தபடியே தூங்கிட்டான். கண்ணாடி வாங்க வந்தவரு, தம்பி ஏதோ ரொம்ப யோசிக்கான்னு நெனச்சு பதிலுக்குக் காத்துக்கிட்டே நின்னுருக்காரு. அண்ணாச்சி வையல, ஆனா மறுநாள்லருந்து வர வேண்டாம்னுட்டாரு.

டாக்டரம்மாகிட்ட ஓடுனேன். குளிக்கத் தண்ணி வெளாவுததுலருந்து சட்டைப் பித்தான் மாட்டுதது வரைக்கும் நானே செய்யுதேன்னு சொன்னேன். "நீங்க கொஞ்சம் உக்காருங்கம்மா"ன்னாங்க. உக்காந்தேன். "இங்க இல்ல, வீட்ல. அவரு வேலைய அவரு பாக்கட்டும்"னாங்க. மாத்திரையையும் கொஞ்சம் முன்னாடியே போடச் சொன்னாங்க. அன்னைக்குலருந்து நானும் உக்காந்துதான் பாத்தேன், சொன்னா நம்பணும். போன வாரம் மதியம் ஆளக் காணோம்! பஸ் ஸ்டாண்டு, ஸ்டேஷன், கோயில் வாசல் எல்லாம் தேடி, கடைசில பாத்தா நஜ்முதீன் பாய் தறிக்கூடத்துல நூல் சுத்திக்கிட்டு இருக்கான். அவரா கூப்பிடல, இவனாப் போய் வேலை கேட்டுருக்கான். தறி ஓடுத சத்தத்துல நான் கத்துதது யாருக்கும் கேக்கல. இன்னும் ஓங்கி, "ஏலே, குளிச்சியா, ஜட்டி மாத்துனியா"ன்னேன், பொசுக்குன்னு கரண்டு போச்சு. தெருவே திரும்பிப் பாத்துச்சு ஏட்டி.

அவன் கோவப்படல. வெளிய கூட்டிட்டு வந்து மெதுவாச் சொன்னான். "கண்ணாடிக் கடை அமைதியா இருந்துச்சுல்லாக்கா, தலைக்குள்ள அந்தக் குரலு ஓயாமப் பேசிச்சு. இந்தத் தறிச் சத்தத்துல அது அமுங்கிப் போவுது. கை பாட்டுக்கு வேல ஓடுது." பாயும், "மதியத்துக்கு மேல வந்தாப் போதும்னு சொல்லிருக்கேன்க்கா, நல்லாத்தான் பாக்கான்"ன்னாரு.

எனக்கு மனசு ஆறல. அந்தச் சத்தமும் சூடும் இவன் உடம்புக்கு ஆகுமா? யாராச்சும் ஒரு சொல்லு சொல்லிட்டா தாங்குவானா? நீ ஒடனே ரயிலேறி வந்து அவனைத் தடுக்கணும். நீ சொன்னாத்தான் கேப்பான்.

மாப்பிள்ளைக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்கா
ஞானசெல்வி

பின்குறிப்பு: கவர் ஒட்டப் போகும்போது அவன் வாங்கிப் படிச்சுட்டான். முழுசாப் படிச்சான். ஜட்டி வந்த எடத்துல சிரிச்சான் ஏட்டி, சத்தம் போட்டு! அவன் இப்படிச் சிரிச்சு எத்தன வருசமாச்சு! "ரயிலேறி வரச் சொன்ன வரிய மட்டும் அடிச்சிரு அக்கா"ன்னான். எனக்குக் கண்ணு மறைக்குது, பேனா ஓடல. அந்த வரிய நீயே அடிச்சிரு. வராத. கிறிஸ்துமஸுக்கு உனக்குச் சேலை எடுத்துத் தாரானாம், என்ன கலருன்னு எழுதணுமாம். எங்கிட்ட கலர் கேக்கல பாத்தியா.